வழித்துணை: கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சுற்றுலா வான் ஓட்டி ஓய்வு பெற்ற தெஹிவளைச் சாரதி.

கேள்வி: அண்ணாவுக்கு வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி ஆகஸ்ட் விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். அங்கே கோடையில் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு வைத்துக் கட்டிய வாகனம்) எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பழகியவர்கள். இங்கேயும் ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்து, கடலோரமாகவே முழு இலங்கையையும் சுற்றி, யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான். பத்து நாள் இருக்கிறது. நான், கணவர், எழுபத்திரண்டு வயது அம்மா, எல்லோருமாக ஏழு பேர். நடக்கிற காரியமா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: பத்து நாளில் நல்ல பயணம் ஒன்று போகலாம் தங்கச்சி. ஆனால் தம்பி மனதில் போட்டு வைத்திருக்கும் அந்த முழு வட்டம் இங்கே கிடையாது. கடலோரப் பாதை இரண்டு இடத்தில் அறுந்துபோகும். ஒன்று, புத்தளத்துக்கும் மன்னாருக்கும் நடுவே வில்பத்துக் காடு. அதற்குள்ளால் போகும் பழைய பாதையை நம்பி வாடகை வானை இறக்காதீர்கள். அநுராதபுரம், மதவாச்சி என்று உள்ளூரால் சுற்றித்தான் மன்னாருக்குப் போக வேண்டும். மற்றது தென்கிழக்கு மூலை. பொத்துவிலுக்கும் கதிர்காமத்துக்கும் நடுவே குமணக் காடும் யாலக் காடும் கடல் வரை இறங்கி நிற்கின்றன. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கும் பாத யாத்திரைக்காரருக்குத்தான் அந்தக் கரை வழி. வான் மொனராகலைப் பக்கத்தால் சுற்றித்தான் வரும்.

யாழ்ப்பாணத்தையும் இதற்குள் செருகாதீர்கள். அந்த நாட்கள் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வரும். வானை நிறுத்த இடம் இராது, அம்மாவுக்கும் முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வர மனம் வராது. அதை ரயிலில் தனியாகப் போய் ஆறுதலாகப் பார்த்து வாருங்கள்.

அடுத்தது காற்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ எல்லாம் அலை முரட்டுத்தனமாக இருக்கும். அதே நாட்களில் கிழக்குக் கடல் அமைதி. டிசம்பரில் வருகிறவர்களுக்கு இதை அப்படியே மாற்றிச் சொல்வேன். ஆகஸ்டில் வருகிற உங்களுக்குக் குளிப்பு கிழக்கில், தெற்கில் பார்வை மட்டும். பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும்போதே சொல்லி வையுங்கள், காலியில் நின்று அழாமல் இருப்பார்கள்.

இனி எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்பது. எல்லோரும் காலி வீதியைப் பிடித்துத் தெற்கே இறங்குவார்கள். நான் எதிர்ப்பக்கம் சொல்கிறேன்: முதல் நாளே திருகோணமலைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மட்டக்களப்பு, பொத்துவில், கதிர்காமம், மாத்தறை, கடைசியாகக் காலி வழியாக வீட்டுக்கு. நாங்கள் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இப்படிச் சுற்றினால் கடல் முழு வழியும் உங்கள் இடக்கைப் பக்கம்தான். ஒரு கரை வடிவாகத் தெரிந்தால் சிக்னலைப் போட்டு ஓரம் கட்டினால் சரி. மறுவழியால் போனால், ஒவ்வொரு தடவையும் எதிரே வரும் தனியார் பஸ்ஸுக்கு முன்னால் அந்த நீளமான வானை வலப்பக்கம் வெட்ட வேண்டும், பிறகு அதே பஸ்களுக்கு நடுவே வீதிக்கு ஏற வேண்டும். காலி வீதி பஸ்காரரை வெள்ளவத்தைக்காரிக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்னொரு வசதியும் உண்டு. கடைசி நாட்களில் பிள்ளைகள் களைத்துப்போனால் மாத்தறையிலோ காலியிலோ அதிவேகப் பாதையில் ஏறிக் கொழும்புக்கு வந்துவிடலாம். கிழக்கில் வைத்துக் களைத்தால் அந்த வசதி இல்லை.

மொத்தம் 900 கிலோமீற்றர் சொச்சம் வரும். இது ஒரு நாள் ஓட்டம் என்று தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். இங்கே வானுக்கு ஊருக்குள் 50, வெளியே 70 தான் சட்டப்படி வேகம். மாடு, முச்சக்கரவண்டி, பள்ளி விடும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் மணிக்கு 35 என்று கணக்குப் போடுங்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். விடியப்புறம் நாலு மணிக்கே புறப்பட்டால் கடுகதி பஸ்களின் தொல்லை குறைவு. எப்படியும் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே இருட்டுப்பட விடாதீர்கள், யானை வீதிக்கு வரும் இடம். நிலாவெளியில் இரண்டு இரவு தங்கலாம். கோணேசர் கோயிலுக்கு அம்மாவைக் காலையிலேயே கூட்டிப் போங்கள், வெயில் ஏறினால் அந்தக் கல் சுடும். புறாத்தீவுக்குப் படகில் பிள்ளைகள் போகட்டும்.

அடுத்த துண்டுதான் இந்தப் பயணத்தின் உயிர். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை. ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான், ஆனால் முழு நாளையும் இதற்குக் கொடுங்கள். ஒரு காலத்தில் படகுப்பாதையில் வாகனத்தை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் போன வழி இது. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல் திறந்தார்கள், மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்துவிட்டது. வெருகலில் முருகன் கோயில் வாசலில் நின்று ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். வாகரைப் பக்கம் ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். சில இடத்தில் இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். இந்த மாதங்களில் அங்கே கரைவலைக் காலம், கரையில் நின்று கயிற்றால் வலையை இழுப்பார்கள். காலையில் வலை ஏறும் நேரம் போய்ச் சேர்ந்தால் கீரி, சூடை, பாரை என்று துள்ளத் துள்ள வாங்கலாம், வானில் அடுப்பு இருக்கிறதுதானே. கயிறு கிடக்கும் இடத்தில் மட்டும் வானை நிறுத்தாதீர்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். "தம்பி, கொஞ்சம் எடுங்கோ" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள், ஆனால் சொல்ல வைக்கக் கூடாது.

பாசிக்குடாவில் இரண்டு இரவு. கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் இடுப்பளவில் கிடக்கும். அம்மாவும் இறங்கலாம். மட்டக்களப்பில் பிள்ளைகளைக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போய், 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைக் காட்டுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர்மேல் ஊர். கடல் பக்கத்தில்தான் இருக்கும், வீடுகள் மறைக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், பள்ளிவாசல் முன் வாகனம் நெருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். அறுகம்குடாவில் ஆகஸ்ட் என்றால் அலைச்சறுக்குக்கு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். எனக்கு அந்த இரைச்சல் ஒத்துவராது. உங்கள் தம்பிக்குப் பிடிக்கலாம். ஓர் இரவு போதும்.

பிறகு கடலை விட்டுவிட்டு லகுகலை, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தளை. புத்தளையிலிருந்து கதிர்காமத்துக்கு நேர் காட்டுப்பாதை உண்டு. குறுக்குவழிதான், ஆனால் அங்கே யானைகள் வாகனத்தை மறித்துத் தின்னக் கேட்கும். கதிர்காமம் போகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதன் வினை. சமைத்த சாப்பாட்டு மணத்தோடு வரும் கேம்பர் வானை அந்த வழியால் விட நான் சொல்ல மாட்டேன். வெல்லவாய, தணமல்வில என்று சுற்றி வாருங்கள்.

தெற்குக் கரையில் அம்பாந்தோட்டை உப்பளங்கள், தங்காலை, தெவிநுவர வெளிச்சவீடு. தீவின் தென்முனையில் 49 மீற்றர் உயரத்தில் 1890 முதல் நிற்கிறது. கொக்கலைப் பக்கம் கம்பில் ஏறி மீன்பிடிப்பவரைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காலிக் கோட்டைக்குள் வானைக் கொண்டு போகாதீர்கள், தெருக்கள் ஒடுக்கம். வெளியே விட்டு நடவுங்கள்.

இனி வான். இங்கே கிடைக்கும் கேம்பர் வான் பெரும்பாலும் ஹையேஸ் மாதிரி வானை மாற்றிக் கட்டியதுதான். இரண்டு பேர் படுக்கலாம், சிறிய பிள்ளைகளோடு நாலு பேர். ஏழு பேருக்குச் சரிவராது. தம்பி குடும்பத்துக்குக் கேம்பர், உங்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டுக் கார். வானில் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்பதற்கு முன் எத்தனை இருக்கைக்குப் பட்டி இருக்கிறது என்று கேளுங்கள். ஓடும் வானில் கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது. மாற்றிக் கட்டியது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஆவணங்களிலும் காப்புறுதியிலும் ஏறியிருக்கிறதா என்று காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

தம்பி ஓட்டப் போகிறான் என்றால் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தை அங்கேயே எடுத்து வர வேண்டும். அதை மட்டும் நீட்டினால் இங்கே பொலிஸ் ஏற்காது. அதற்கு இங்கே அங்கீகாரம் பெற வேண்டும், இல்லையேல் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் கணவரின் இலகு வாகன பி வகை போதும், மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கும் வரை. திருகோணமலை வரை கணவரே ஓட்டட்டும். இடக்கையால் கியர் போடுவதும், முகத்துக்கு நேரே வரும் பஸ்ஸும் கனடாவிலிருந்து வந்திறங்கிய மனிதனுக்கு ஒரே நாளில் பழகாது. கேத்தல், சோற்றுச் சட்டி என்று மின்சாரச் சாமான் ஒன்றும் அங்கிருந்து கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230.

கேள்வி: கேம்பர் வான் என்றால் எந்தக் கடற்கரையிலும் நிறுத்திப் படுக்கலாம்தானே? மலசலகூடத்துக்கு என்ன செய்வார்கள்?
(பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: வெளிநாட்டுப் படங்களில் பார்த்ததை வைத்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அங்கே ஆர்.வி. நிறுத்தவென்றே இடம் இருக்கும்: மின்சாரம் குத்தலாம், தண்ணீர் பிடிக்கலாம், கழிவை ஊற்றக் குழி இருக்கும். இங்கே அந்த ஏற்பாடு இல்லாததால்தான் நான் எல்லோருக்கும் ஒரே வழி சொல்வது. கரையோரத்தில் முற்றம் உள்ள ஒரு சின்னத் தங்குமிடத்தில் ஓர் அறை மட்டும் எடுத்து, வானை முற்றத்தில் விடுங்கள். குளியல், கழிவறை, வானின் பற்றரிக்கு மின்சாரம், தாங்கிக்குத் தண்ணீர் எல்லாம் அந்த ஓர் அறைக் காசில் முடியும். வயதானவர் அறையில் படுக்கட்டும். ஆகஸ்டில் திருகோணமலை இரவுப் புழுக்கத்தை இரும்புக் கூரைக்குக் கீழே தாங்குவது இளம் ஆட்களுக்கே பாடு. போவதற்கு முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி: வாசல் கேற் எவ்வளவு உயரம், மாமரக் கிளை தாழ்ந்திருக்கிறதா.

கடல் மணலில் வானை இறக்கவே வேண்டாம். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சு வரை புதையும். பிறகு கரைவலைக்காரரின் உழவு இயந்திரம்தான் கதி. சமையலுக்கு 2.3 கிலோ அல்லது 5 கிலோ காஸ் சிலிண்டர் போதும். இரவு படுக்கும்போது வால்வைப் பூட்டுங்கள், ஒரு ஜன்னலைத் திறந்து நுளம்பு வலையைப் போடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் களப்பில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் மகன், எங்கள் இருவரையும் கிரேட் ஓஷன் வீதியில் கேம்பர் வானில் கூட்டிப்போகிறேன் என்கிறான். வயதான எங்களுக்கு அது சரிவருமா?
(கல்கிசை வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள் ஐயா. அவுஸ்திரேலியாவிலும் இடப்பக்க ஓட்டம்தான், ஆகவே என் பழைய பாட்டே அங்கும்: டோர்க்கியில் தொடங்கி மேற்கே போனால் கடல் உங்கள் பக்கம். அலன்ஸ்ஃபோர்ட் வரை சுமார் 240 கிலோமீற்றர். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், இறந்த தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை வெட்டிய வீதி அது. லோர்னுக்கும் அப்பலோ பேக்கும் நடுவே பாதை கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். தலைசுற்று உள்ளவர் முன் இருக்கையில் இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. பிறகு காட்டுக்குள் ஏறி மறுபடி கடலுக்கு இறங்கும் இடத்தில்தான் பன்னிரண்டு அப்போஸ்தலர் என்னும் பாறைத் தூண்கள். எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு வராவிட்டால் கண்ணில் குறை என்று நினைக்காதீர்கள். பெயர் வைத்தபோதே அத்தனை இல்லை, 2005 இல் ஒன்று இடிந்தும் விழுந்தது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று மகன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஓர் இரவாவது கரவன் பார்க்கில் தங்க முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். கம்பளிச் சட்டை கட்டாயம்.

கேள்வி: வானும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். கடலைப் பார்க்க எனக்கு மலிவான வழி ஒன்று சொல்லுங்கள்.
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: கரையோர ரயில். கொள்ளுப்பிட்டி தொடங்கிக் கல்கிசை வரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே பாறைக்கற்கள்தான், காலி வீதியில் போகிறவனுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. 2019 முதல் மாத்தறையைத் தாண்டிப் பெலியத்த வரை போகிறது. தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். மருதானையில் புறப்படும் ரயிலாகப் பார்த்து அங்கேயே ஏறுங்கள். கொழும்புக் கோட்டையில் ஏறினால் மொறட்டுவை வரை நின்றுகொண்டுதான் கடல் பார்க்க வேண்டும்.