கத்தி வெட்டி ரத்தம் கொட்டினால் காபித்தூள் வைக்கலாமா?

வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான், தூள் அல்ல. காபித்தூள், மஞ்சள், சீனி என்று எதை அப்பினாலும் காயத்துக்குள் அழுக்குதான் சேரும். அப்புறம் தையல் போடுகிறவர் அதையெல்லாம் கழுவி எடுக்கும்போது வலி உங்களுக்கு.

சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேலேயே வைத்து நன்றாக அழுத்துங்கள். கை என்றால் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம். குறைந்தது 10 நிமிடம், விடாமல். பலரும் சொதப்புவது இங்கேதான்: அரை நிமிடத்துக்கு ஒருமுறை "நின்னுடுச்சா?" என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். துணி நனைந்தால் அதை எடுக்காமல், மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

நின்றதும் சின்ன வெட்டு என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டால் போதும். வாய் பிளந்த காயத்துக்குத் தையல் தேவைப்படலாம். கண்ணாடித் துண்டு ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் இரு பக்கமும் அழுத்தியபடி மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் பீய்ச்சி அடித்தால் அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அழுத்தியும் நிற்காமல் கை காலிலிருந்து கொட்டினால் மட்டும், காயத்துக்குச் சற்று மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் இறுக்கிக் கட்டி நேரத்தைக் குறித்து வையுங்கள். சாதாரண வெட்டுக்கெல்லாம் இந்தக் கட்டு வேண்டாம்.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்கக் கூடுதல் நேரமாகும். துருப்பிடித்த கத்தியோ மண்ணோ பட்டிருந்து, டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால், மருத்துவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.