பாட் வாங்கினோம், இப்போது நாங்கள் பாட்டுக்கு வேலை செய்கிறோம்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம். உள்நாட்டு வியாபாரம்தான் அதிகம். இரண்டு வருடம் முன்பு ஒரு ஏஜென்ட் மூலம் கணக்குப் பிரிவுக்கு ஆறு சாஃப்ட்வேர் பாட் (ஆள் செய்வது போலவே கம்ப்யூட்டரில் தானாக வேலை செய்யும் ப்ரோகிராம்) போட்டோம். ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி (சப்ளையர்கள் நம் பெயரில் போட்ட பில்களின் பட்டியல்) இறக்குவது, சரக்கு அனுப்ப இ-வே பில் போடுவது, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுப்பது, எக்செல்லில் இருந்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு ஏற்றுவது, பில்லில் வரி விகிதம் வைப்பது, பாக்கிக்காரர்களுக்கு மெயில் அனுப்புவது. மொத்தம் 4.80 லட்சம். "ஒரு தடவை போட்டால் போதும், ஒரு ஆள் சம்பளம் மிச்சம்" என்றார். இப்போது மாதம் ஒன்றாவது நின்றுவிடுகிறது. அக்கவுண்டன்ட் பெண் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கையால் அடிக்கிறார். ஏஜென்ட் வருடத்துக்கு 1.10 லட்சம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கேட்கிறார். கொடுக்கலாமா, சொந்தமாக ஒரு இன்ஜினியர் வைக்கலாமா, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். முதலில் ஆறை மூன்றாக்குங்கள். மிஞ்சும் அந்த மூன்றை உங்கள் அக்கவுண்டன்ட்டின் பொறுப்பில் விடுங்கள். ஏஎம்சியை அதற்குப் பிறகு பேசலாம்.

"ஒரு தடவை போட்டால் போதும்" என்று சொன்னவரை மன்னிக்க எனக்கு மனமில்லை. இந்தத் தொழிலில் அது தெரியாமல் சொல்கிற வார்த்தை இல்லை. உங்கள் ஓவர்லாக் மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி உடையும், எண்ணெய் விட வேண்டும், அது தேய்மானம். பாட் தேயாது. ஆனால் சிங்கிள் ஜெர்சிக்கு வைத்த செட்டிங்கில் ரிப் துணியைக் கொடுத்தால் தையல் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாட் நிற்பது அந்த மாதிரி. கோளாறு மிஷினில் இல்லை, துணி மாறிவிட்டது. அந்தத் துணியை மாற்றுகிறவர் உங்களுக்குச் சொல்லிவிட்டு மாற்றுவதும் இல்லை.

நீங்கள் பாட் போட்ட பிறகு என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் வந்தது. சப்ளையர் போட்ட பில்லை ஏற்பது, நிராகரிப்பது என்று 2பிக்கு முன்னால் புதிதாக ஒரு படி. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயம் என்பது 2025 ஜனவரியில் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்து, ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் வந்தது. மே 2025 கணக்கில் இருந்து ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கில், பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீட்டைத் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' ஆக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. மனிதர்களுக்கு இதெல்லாம் ஒரு நாள் எரிச்சல், அவ்வளவுதான். பட்டன் இருந்த இடத்தையும் பக்கத்தின் பெயரையும் நம்பி ஓடுகிற பாட்டுக்கு ஒவ்வொன்றும் ஒரு சாவு.

இந்தத் தளங்களை நடத்துகிறவர்கள் தேதியைக் கொஞ்சம் முன்னாலேயே உறுதியாகச் சொல்லிவிட்டு மாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று நானும் வருடக்கணக்காகக் கேட்கிறேன். ஒன்று, அறிவித்த தேதி தள்ளிப்போகும். இல்லையென்றால் 20ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போடப் போகும்போது தளமே நகராது. அதற்கும் பாட்டைத்தான் திட்டுகிறோம்.

இப்போது வெட்டுகிற வேலை. 2பி இறக்குவதும் இ-வே பில்லும் திரையில் கை வைத்துச் செய்ய வேண்டிய வேலைகளே இல்லை. டேலி பிரைமின் புதிய பதிப்புகள் இரண்டையும் உள்ளிருந்தபடியே செய்கின்றன. அங்கே சாஃப்ட்வேரும் அரசுத் தளமும் ஏபிஐ என்ற பின்கதவு வழியாக நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. பட்டன் எங்கே இருந்தால் என்ன? உங்கள் டேலி பழையது என்றால் புதுப்பிக்கும் செலவு இந்த ஏஎம்சிக்குப் பக்கத்தில்கூட வராது. மெயில் பாட்டையும் நிறுத்துங்கள். பாக்கிக்காரருக்கு மெயில் அனுப்பிப் பணம் வந்ததாக உங்கள் ஊரில் யாராவது சொன்னால் எனக்குத் தெரிவியுங்கள்.

ஆக மிஞ்சுவது மூன்று: பேங்க் ஸ்டேட்மென்ட், எக்செல்-டேலி, வரி விகிதம்.

மேலே போகும் முன் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் இ-வே பில் பாட் ஓடிபி கட்டாயமான பிறகும் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியது என்றால் யார் ஓடிபியைக் கொடுத்தது? அக்கவுண்டன்ட் பார்த்து அடித்திருந்தால் சரி. அப்படி இல்லாமல் உங்கள் ஆபீஸ் போனில் ஒரு சின்ன ஆப்பைப் போட்டு, வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் ஏஜென்ட்டின் சர்வருக்குப் போகும்படி செய்திருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே அந்த ஆப்பை நீக்குங்கள். நான் பார்த்த பத்துப் பதினைந்து கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாடுதான். அதே போனில் பேங்க் ஓடிபியும் வருகிறது. அதாவது உங்கள் கல்லாப்பெட்டிச் சாவியின் நகல் ஒன்று கோவையிலோ பெங்களூரிலோ, பெயர் தெரியாத ஒரு பையனின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேப்ட்சாவும் இப்படித்தான். "எங்கள் பாட் கேப்ட்சாவைத் தானே படிக்கும்" என்பார்கள். பல இடங்களில் அந்தப் படம் வெளியே எங்கோ போய், கூலிக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர் படித்துத் திருப்பி அனுப்புகிறார். மனிதரா என்று சோதிக்க வைத்த பூட்டை ஆள் வைத்துத் திறப்பதற்குப் பெயர் ஆட்டோமேஷனாம். ஆப்பை நீக்கிய கையோடு ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பாட் நின்றால் நிற்கட்டும்.

ஏஎம்சி தாளை எடுத்துப் படியுங்கள். "பாட்டில் ஏற்படும் பிழைகள் சரிசெய்து தரப்படும்" என்று ஒரு வரி இருக்கும். கீழே எங்காவது "வெளித் தளங்களில் ஏற்படும் மாற்றங்கள் தனிக் கட்டணத்துக்கு உட்பட்டவை" என்று இன்னொரு வரி இருக்கும். பாட் நிற்பது பெரும்பாலும் வெளித் தளம் மாறுவதால்தான் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் 1.10 லட்சம் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. அந்த இரண்டாவது வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூடவே மூன்று கேள்வி. பாட்டின் சோர்ஸ் ஃபைல், அதாவது திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? லைசென்ஸ் யார் பெயரில், யார் மெயில் ஐடியில் இருக்கிறது? அது எந்த சாஃப்ட்வேர்? மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் 2021 மார்ச்சில் இருந்து விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவசம். ஆள் உட்கார்ந்து பட்டனை அழுத்தி ஓட்டுவதற்குக் காசு கிடையாது. ராத்திரி தானாக ஓட வேண்டும் என்றால்தான் கட்டணம். அந்த இலவசத்தில் செய்து கொடுத்துவிட்டு "லைசென்ஸ் சார்ஜ்" என்று பில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எக்செல்-டேலி பாட். அதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லலாம், ஏனென்றால் அது உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போவதில்லை. துணியும் உங்களுடையது, மிஷினும் உங்களுடையது. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தேதி. புது கம்ப்யூட்டர் வாங்கினாலோ விண்டோஸை மறுபடி போட்டாலோ தேதி அமைப்பு அமெரிக்க முறைக்கு, அதாவது மாதம் முதலில், நாள் பிறகு என்று போய்விடலாம். அப்போது 03-04 என்று எழுதிய ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். பாட் கேள்வி கேட்காமல் ஏற்றிவிடும். 12ஆம் தேதி வரை எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும். 13ஆம் தேதிதான் "பதிமூன்றாவது மாதம் எது?" என்று முழித்துக்கொண்டு நிற்கும். நீங்களும் 13ஆம் தேதிதான் கெட்டது என்று நினைத்து அதை மட்டும் சரிசெய்வீர்கள். முந்தைய 12 நாள் பில்லும் வெவ்வேறு மாதங்களில் போய் உட்கார்ந்திருக்கும். மார்ச்சுக்குப் போனது வேறு நிதியாண்டு என்பதைக் கவனியுங்கள். 13ஆம் தேதி வாக்கில் பாட் நின்றால் முதலில் பின்னால் திரும்பிப் பாருங்கள். கம்ப்யூட்டர் மாற்றினால் அன்றே நாலு பில்லை மட்டும் ஏற்றித் தேதியைச் சரிபாருங்கள்.

இன்ஜினியர் வேண்டாம் என்றேன். மூன்று பாட்டுக்கு முழுநேர ஆள் வைத்தால் அவர் வேலையில்லாமல் நாலாவது பாட் செய்வார். உங்களுக்கு வேண்டியது வாரத்தில் அரை நாள். அது அக்கவுண்டன்ட்டின் அரை நாள். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் திருடிய அரை நாளாக இருக்கக் கூடாது, சம்பளத்தில் கணக்கு வைத்த அரை நாளாக இருக்க வேண்டும். காலையில் வந்ததும் நேற்று பாட் எத்தனை வரி எடுத்தது, எத்தனை ஏறியது என்று இரண்டு எண்ணை ஒப்பிடட்டும். ஒரு நோட்டில் எந்த நாள், எந்த பாட், எத்தனை மணி நேரம் நின்றது, கையால் எவ்வளவு செய்தார் என்று எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நேரத்தைச் சம்பளத்தால் பெருக்குங்கள். பாட் மிச்சப்படுத்துவதை விட அது அதிகமாக வந்தால் அந்த பாட்டை நிறுத்துங்கள். எல்லா கம்பெனிக்கும் இதே கணக்குதான். பழுது பார்க்க வெளி ஆள் வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிடுங்கள். 3பி போடும் நேரமான 18, 19, 20 தேதிகளில் பாட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

கடைசியாக அந்த வரி விகித பாட். இது நிற்கவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு இதில் பயம். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரை ரெடிமேட் உருப்படி ஒன்று 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. பாட்டுக்குள் 1,000, 12 என்ற பழைய எண்கள் எழுதியிருந்தால், 1,400 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இன்னும் 12 போட்டுக்கொண்டிருக்கும். எந்தத் திரையும் மாறாததால் எந்த எச்சரிக்கையும் வராது. நாளைக் காலை அந்த செப்டம்பர் 22 முதல் போட்ட பில்களில் ஆயிரத்துக்கு மேல் விலையுள்ளவை பத்தை எடுத்துப் பாருங்கள். 12 என்று ஒன்று இருந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு ஆடிட்டரிடம் போங்கள். ஏஜென்ட்டுக்கு அதற்கப்புறம் போன் செய்யலாம்.