நாலாம் நாள் வலி கூடினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

கேள்வி: கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்து நாலு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் பரவாயில்லை. இப்போது காது வரை வலிக்கிறது. வீட்டில் "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்கிறார்கள். இது சாதாரணம்தானா?

சாதாரணம் இல்லை. இன்றைக்கே பல் எடுத்த மருத்துவரிடம் போங்கள். மீதியைப் போய்வந்து படிக்கலாம்.

நான் மருத்துவர் இல்லை. இதே வலியை, இதே "பொறுத்துக்கோ"வைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் சுமந்தவள். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 31. சொந்த ஊர் செட்டிநாட்டில், காரைக்குடி பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூர். போன வருடம் பிள்ளையார் நோன்புக்காக வந்திருந்தபோது கடைவாய் ஈறு வீங்கி வாயே திறக்க முடியாமல் போனது. காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் நிமிர்ந்து முளைக்காமல் முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. மாத்திரையில் வீக்கம் வடிந்ததும், எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்து மூன்று தையல் போட்டார்கள். எடுத்தது வலிக்கவே இல்லை. அந்த மருத்துவர் கைராசிக்காரர்தான், அவரை நான் குறை சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில். கிளம்பும்போது கவுண்டரில் ஒரு தாள் கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் கன்னம் மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு காரில் சாய்ந்து கிடப்பவளா படிப்பாள்? பார்த்துக்கொள்ளப் போவது என் ஆத்தா, அதாவது அம்மா. அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சாயங்காலம் "குளிர்ச்சியாக் குடி" என்று இளநீர் வெட்டி ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்கள். உறிஞ்சிக் குடித்தேன். ராத்திரி உப்புத் தண்ணீரில் நாலு தடவை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். ஸ்ட்ரா கூடாது, முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது என்பதெல்லாம் தாளில் பதினோராவது வரியில் இருந்தது.

விஷயம் இதுதான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி உட்காரும். அதற்குக் கீழேதான் புண் ஆற வேண்டும். உறிஞ்சினாலும், அழுத்திக் கொப்பளித்தாலும், காறித் துப்பினாலும், சிகரெட் பிடித்தாலும் அது பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பும் நரம்பும் வெறுமையாக நிற்கும். ட்ரை சாக்கெட் என்பார்கள். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் சில சமயம் வருகிறது, அதனால் உங்கள்மேல் தப்பு என்று சொல்லவில்லை. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், அது சாதாரணம். ஆனால் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குமேல் கூடினால், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறினால், வாயில் கெட்ட வாடை வந்தால் காட்டியே ஆக வேண்டும். காய்ச்சல், சீழ், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள்.

எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. நோன்புக்கு வந்திருந்த பெரியாத்தா சொன்னது: "நாங்க பிள்ளையப் பெத்துப்புட்டே மூணாம் நாள் எந்திரிச்சு வேலை பாத்தோம். ஒரு பல்லுக்கா இம்புட்டு?" அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசம் உள்ளவர்கள். ஆனாலும் வலியைவிட அந்தச் சொல்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இதில் பக்கத்து வீட்டில் சினிமா படப்பிடிப்பு வேறு. இரண்டு ராத்திரியும் ஜெனரேட்டர் ஓடியது, தலையணையில் காதை வைத்தால் தாடைக்குள்ளேயே ஓடியது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர். ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றப் பணம் கேட்டால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள், வாடகை வந்தால் மட்டும் பங்கு பிரிப்பார்கள். பர்மாத் தேக்குத் தூணில் விளக்கு கட்ட ஆணி அடித்த தழும்பைப் போய்ப் பாருங்கள். வயிறு எரிகிறது.

சரி. ஐந்தாம் நாள் காலையில் அப்பச்சியை (அப்பாவை) எழுப்பிக் காரைக்குடிக்குப் போனேன். மருத்துவர் குழியைச் சலைனால் கழுவி, மருந்தில் நனைத்த ஒரு துண்டுத் துணியை உள்ளே வைத்தார். கிராம்பு வாசம். மொத்தம் பத்து நிமிடம். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி வலி போய்விட்டது. இரண்டு நாள் அழுததை நினைத்து அப்போதுதான் இன்னும் அழுகை வந்தது. கிராம்பு எண்ணெயை நாமே ஊற்றிக்கொள்ளலாமே என்று யாராவது வருவீர்கள். வேண்டாம், அது ஈறைப் புண்ணாக்கும்.

சாப்பாடு: தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், கஞ்சி, ஆறிய கும்மாயம் (குழைவான உளுத்தமாவு இனிப்பு), ஊறிக் குழைந்த பால்பணியாரம். தேங்குழல், சீடை பக்கம் போகாதீர்கள். முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். மறுநாளிலிருந்து சாப்பிட்டபின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழியவிடுங்கள். ஈறு மூடப் பொதுவாக மூன்று நான்கு வாரம் ஆகும்.

ஆறாம் நாள் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த 21 நூலைத் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்குவது எங்கள் வழக்கம். மருத்துவரிடம் கேட்டிருந்தேன். பொரி கூடவே கூடாது, மாவைப் பல் எடுக்காத பக்கமாக ஒதுக்கி விழுங்கு, உடனே மெதுவாக அலசு என்றார். எல்லோரும் இப்படிச் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. இழை ஏற்றித் தரும் என் ஐயா (தாத்தா) "வாய் எம்புட்டுத் திறக்கும்?" என்றார். பல்லுக்கு நடுவே இரண்டு விரலை வைத்துக் காட்டினேன். மாவைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, இழையை அதற்கேற்பச் சுருட்டி ஏற்றித் தந்தார். சூடு நாக்கில் பட்டு அணைந்தது.

மறுநாள் தையல் பிரிக்கப் போனபோது ஆத்தாவும் கூட வந்தார்கள். அந்தத் தாளைக் கவுண்டரில் வைத்து, "இதத் தமிழ்ல எழுதித் தாங்க, இனி வர்ற ஆத்தாமாருக்காவது புரியட்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.