மண்ணில் வாழும் டயாட்டம்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டயாட்டம் என்றால் சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒருசெல் பாசி, நீர்வாழ் உயிரி என்றுதான் படித்தோம். மண்ணில் கிடைப்பவை காற்றில் வந்து விழுந்த வெற்று ஓடுகள்தானே?

சில அப்படி வந்தவைதான். பீகிள் கப்பல் பயணத்தில் கேப் வெர்டே தீவுகளருகே டார்வின் சேகரித்த தூசியில் ஜெர்மன் நுண்ணுயிர் ஆய்வாளர் ஏரன்பெர்க் நன்னீர் டயாட்டம் ஓடுகளைக் கண்டார். 1846இல் டார்வின் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆனால் மண்ணிலேயே பிறந்து பெருகும் கூட்டம் ஒன்று தனியாக உண்டு. ஹான்ட்ஸ்கியா ஆம்ஃபியாக்ஸிஸ், பின்னுலேரியா போரியாலிஸ், லூட்டிகோலா மியூட்டிகா ஆகியவற்றை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

சோதிப்பது எளிது. ஈரமண்ணை நீரில் கலக்கி, அமிலம் எதுவும் சேர்க்காமல் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வையுங்கள். செல்லுக்குள் பொன்பழுப்புப் பசுங்கணிகங்கள் நிறைந்திருந்தால் அது உயிரோடு இருக்கிறது. சற்று நேரம் காத்திருந்தால் மணல் துகள்களுக்கு இடையே வழுக்கி நகர்வதையும் காண்பீர்கள். ஓட்டிலுள்ள ரேஃபி என்னும் பிளவுதான் அந்த நகர்வுக்கு உதவுகிறது. மண் டயாட்டம்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு.

கேள்வி: கோடையில் காய்ந்து முறுகிப்போன சுவர் மாஸில் உயிருள்ள டயாட்டம் இருக்குமா?

இருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் செல் திடீரென உலர்ந்தால் தாங்காது. மெல்ல உலரும்போது ஓய்வுநிலைக்குப் போகும் மண்வாழ் இனங்கள் பிழைத்துக்கொள்கின்றன. மாஸை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அடியில் படிவதைப் பாருங்கள். மாஸ் எவ்வளவு ஈரமானது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் இனங்களும் மாறும். நீர் தேங்கும் அமிலத்தன்மையுள்ள ஸ்ஃபேக்னம் என்னும் சதுப்புநில மாஸில் யூனோஷியா வகைகள் மிகும். அடிக்கடி காயும் மாஸில் ஹ்யூமிடோஃபிலா போன்ற மிகச் சிறிய செல்கள் மிகும்.

கேள்வி: பூச்சிக்குத் தூவும் டயாட்டம் மண் இதுதானா?

இல்லை. அது பழங்கால ஏரி, கடல் அடியில் படிந்த ஓடுகளின் படிவு.

கேள்வி: எந்த நாட்டுப் பட்டியலைப் பார்த்தாலும் அதே நான்கைந்து பெயர்கள்தான். மண்ணில் பன்மை அவ்வளவு குறைவா?

என் துறையில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் இது. பின்னுலேரியா போரியாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டில் 10 மைக்ரானுக்கு ஐந்தாறு தடித்த கோடுகள் தெரிந்தால் போதும், ஆய்வாளர் பெயர் எழுதிவிடுவார். வெவ்வேறு கண்டங்களிலிருந்து எடுத்த செல்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, அந்த ஒரே பெயருக்குள் வெகுகாலம் முன்பே பிரிந்துபோன பல பரம்பரைகள் இருப்பது தெரிந்தது. ஹான்ட்ஸ்கியா ஆம்ஃபியாக்ஸிஸின் நிலையும் அதுவே. அண்டார்க்டிகாவிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் லூட்டிகோலாக்களை நுணுகிப் பார்த்தவர்கள், வேறெங்கும் அறியப்படாத இனங்களை அடுத்தடுத்து விவரித்திருக்கிறார்கள். ஹ்யூமிடோஃபிலா பேரினமே 2014இல்தான் டயடெஸ்மிஸ் என்னும் பேரினத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே ஐரோப்பியக் கையேட்டிலுள்ள படத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதற்காகப் பெயரிட்டுவிடாதீர்கள். நீளம், அகலம், கோடுகளின் அடர்த்தி மூன்றையும் குறித்து, படத்தோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மண் டயாட்டம்களால் நடைமுறைப் பயன் உண்டா?

லக்சம்பர்க்கில் மழைநீர் எந்த வழியாக ஓடைக்கு வருகிறது என்று அறிய இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மழையின்போது ஓடைநீரில் மண்வாழ் இனங்களின் பங்கு உயர்ந்தால், நிலப்பரப்பிலிருந்து நீர் அடித்து வந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நிரந்தரச் சிலைடு செய்தேன். ஓட்டின் கோடுகளே தெரியவில்லை.

கரிமப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடில் முழுதாக நீக்கினீர்களா? கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். அதன்பின் பலமுறை கழுவி உலர்த்தி, நாஃப்ராக்ஸ் போன்ற அதிக ஒளிவிலகல் எண் கொண்ட பிசினில் பதியுங்கள். சாதாரணப் பிசினின் ஒளிவிலகல் சிலிக்காவுடையதற்கு நெருக்கமானது. அதனால் ஓடு மங்கிவிடுகிறது. சிலைடில் எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் கட்டாயம்.