மனையா, பங்கா: மகளின் கட்டணத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த வீடு உண்டு, கடன் இல்லை. வங்கி வைப்பில் 28 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அவிநாசிப் பக்கம் 20 லட்சத்துக்கு ஒரு மனையைக் கணவர் பார்த்திருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கேட்கிறார்கள். என் தம்பியோ பங்குச் சந்தையில் போடச் சொல்கிறான். மாமியார் 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கிய இடம் இன்று பத்து லட்சம் போகிறது. "மண் கைவிடாது" என்கிறார். மகள் பிளஸ் 1 படிக்கிறாள். என்ன செய்யலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இரண்டு ஆண்டில் அவள் கல்லூரிக்குப் போவாள். கட்டணம், விடுதி என்று பருவத்துக்குப் பருவம் பணம் கேட்பார்கள். ஐந்து சென்ட் மனையில் அரை சென்டை அறுத்து விற்று ஒரு பருவக் கட்டணத்தைக் கட்ட முடியாது.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். என் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்றதும் ஊரிலிருந்த மனையை விற்கப் போனோம். பட்டா, எங்களுக்கு விற்றவருடைய தாத்தாவின் பெயரிலேயே கிடந்தது. சீமைக் கருவேல முள்ளுக்குள் சர்வேயர் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருக்க, வாங்க வந்தவர் கைகட்டி நின்று பார்த்தார். அன்று மாலையே விலையில் மூன்று லட்சத்தைக் குறைத்துவிட்டார். எல்லாம் முடிந்து பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. மருத்துவமனைக்குக் கட்டியது அம்மாவின் வளையல்களை அடகு வைத்த பணம்.

மாமியாரின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 25 ஆண்டில் பத்து மடங்கு என்றால், கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல வருமானம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இன்று வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 20 லட்சத்துக்கு 1.8 லட்சம் முதல் நாளே போய்விடும். மனை விலை ஒன்பது சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட காசே திரும்பும். பத்திரம் முடிந்ததும் உங்கள் கையில் மிஞ்சுவது 6.2 லட்சம். மகளின் படிப்பு, வீட்டில் ஒரு நோய், பட்டறைக்கு ஆர்டர் வராத மாதங்கள், அத்தனையையும் அதற்குள் சமாளிக்க வேண்டும். எனக்கு இது பயமாக இருக்கிறது.

தம்பி சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 9,000க்கும் கீழே போனது. பழைய உயரத்தைத் தாண்டி நிலைக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடித்தன. மகளின் கட்டணம் அந்தப் பள்ளத்தில் மாட்டக் கூடாது. அவன் சொல்வது, பங்குகளின் வருங்கால விலையை ஊகித்து ஒப்பந்தம் போடும் 'ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' வணிகமா என்றும் கேளுங்கள். மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து 2024இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வில், அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். அதுவென்றால் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகளுக்கு 10 லட்சம், அவசரத்துக்கு 3 லட்சம் என்று ஒதுக்கி வங்கி வைப்பிலேயே விடுவேன். வைப்புப் பணத்துக்கான காப்பீடு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் என்பதால் மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுவேன். மீதி 15 லட்சத்தை, பத்து ஆண்டு தொடமாட்டேன் என்ற உறுதி இருந்தால், ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில் ஒன்றரை ஆண்டுக்கு மாதத் தவணையாகப் போடுவேன். உங்கள் சொத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே வீடாக, மண்ணாகத்தானே இருக்கிறது? இன்னொரு மனை இப்போது வேண்டாம்.

கணவரோடு வாதாடாதீர்கள். அவர் பக்கமும் நியாயம் உண்டு. மனையை நேரில் போய்ப் பார்க்கலாம், இன்று விலை விழுந்துவிட்டதென்று காலையில் யாரும் அவரைப் பதற வைக்க மாட்டார்கள். அந்த 6.2 லட்சக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி அவர்முன் வையுங்கள்.

அப்படியும் வாங்குவதென்றே முடிவானால், முன்பணத்துக்கு முன் மூலப்பத்திரங்களின் நகல், பட்டா, மனைப்பிரிவு அங்கீகார எண் மூன்றையும் கேளுங்கள். 30 ஆண்டு வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எல்லாவற்றையும் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் படிக்கட்டும், விற்பவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி தவறு, பிற்பாடு விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் உங்கள் தலையில்தான் விழும். நகல் தர மறுத்து "ஆடி வந்துவிடும்" என்று மறுபடியும் அவசரப்படுத்தினால், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி இருவரும் எழுந்து வந்துவிடுங்கள்.