டைம்ஷேர்: இன்னும் 11 வருடம் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: 2012-ல் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுத்து 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப் எடுத்தேன். வருடத்துக்கு 7 இரவுகள் அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் தங்கலாம், டைம்ஷேர் என்பார்களே, அதுதான். அப்போது 12,000 ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் இப்போது 25,400 ஆகிவிட்டது. மே மாதத்தில் கொடைக்கானல் கேட்டால் ஒருமுறைகூட அறை கிடைத்ததில்லை. மூன்று வருடமாக எங்கும் போகவில்லை. நானும் மனைவியும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். போன வாரம் ஒருவர் போன் செய்து, "6 லட்சத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது, 35,000 முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார். விற்றுவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: முதல் வேலையாக, ஐயா, அந்த 35,000-ஐ அனுப்பாதீர்கள். வரி, பெயர் மாற்றக் கட்டணம், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) என்று என்ன பெயர் சொன்னாலும் சரி. "விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், மறுபடி போன் வராது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே 1930 சைபர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

6 லட்சம் ஏன் நம்ப முடியாத விலை? நம் ஊரில் விற்கப்படும் டைம்ஷேர் பெரும்பாலும் சொத்தே அல்ல. பத்திரப் பதிவு கிடையாது, மண்ணில் பங்கு கிடையாது. குறிப்பிட்ட வருடங்களுக்குத் தங்கும் உரிமை, அவ்வளவுதான். ஒத்திக்கு வீடு எடுத்தால்கூடக் காலம் முடிந்ததும் கொடுத்த பணம் திரும்பி வரும். இதில் 2037-ல் கையில் எதுவும் மிஞ்சாது. வருடம் குறையக் குறைய மதிப்பும் கரையும். ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் வாங்குகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

இதை முதலீடு என்று சொல்லி உங்களிடம் விற்றிருந்தால், அது தவறான பேச்சு. அந்த 3.20 லட்சம் 7 சதவீதக் கூட்டு வட்டியில் கிடந்திருந்தால் இன்று 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இனி வாங்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு. உங்களுக்கு அது போன பணம், அதை மீட்கவேண்டும் என்று முடிவெடுக்காதீர்கள்.

உங்களுக்கான கணக்கு வேறு. 14 வருடத்தில் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 சதவீதம் ஏறியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் மிச்சமுள்ள 11 வருடத்தில் நீங்கள் கட்டப்போவது சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். ஆரம்பத்தில் கொடுத்ததைவிட அதிகம்! விற்கிற அன்று இதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

இப்போது 25,400-ஐ ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 3,629 ரூபாய். மூன்று இரவுதான் தங்குகிறீர்கள் என்றால் 8,467. அதே ரிசார்ட், அதே தேதி, அதே அளவு அறைக்கு வெளியாட்களிடம் வரியோடு என்ன கேட்கிறார்கள் என்று இணையத்தில் பாருங்கள். 6,000 என்றால் வைத்திருப்பதில் அர்த்தம் உண்டு. 3,800 என்றால் எதற்குக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும்? சாப்பாட்டுச் செலவு இரண்டிலும் தனி, அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம், மே மாதம். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி இதே குறையோடு ஃபைலைக் கொண்டுவந்தார்கள். மாலில் கிடைத்த பரிசுக் கூப்பன்கூட அதில் பின் குத்தி இருந்தது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் 'சீசன்: வெள்ளை' என்றிருந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். கூட்டத்தைப் பொறுத்து வருடத்தை நிறங்களாகப் பிரித்து விற்கிறார்கள்; கோடை விடுமுறை அவர்கள் வாங்கிய அந்த நிறத்தில் வரவே வராது. பள்ளி செல்லும் பிள்ளைகளோடு வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரியைத் தேடுங்கள். உங்கள் சீசனிலேயே மே மாதம் இருந்தும் மறுத்திருந்தால், அந்த மின்னஞ்சல்களோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2012-ல் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து இப்போது வாதாடுவது கடினம்.

ஆனால் உங்களுக்கு இப்போது பள்ளி அட்டவணை இல்லை. கூட்டமில்லாத செப்டம்பரில், வார நாட்களில், நீங்கள் இருவரும் நிம்மதியாகப் போகலாம். பயன்படுத்தாத இரவுகள் சேர்ந்திருக்கின்றனவா, உறவினரை அனுப்பலாமா, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, திருப்பி ஒப்படைத்தால் என்ன பிடிப்பார்கள் என்ற நான்கையும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். கட்டணத்தைச் சும்மா கட்டாமல் விட்டால் பாக்கிக்கு வட்டி ஏறக்கூடும், அதற்கான விதியையும் படியுங்கள்.

என் யோசனை: இந்த ஒரு வருடம் 7 இரவையும் தங்கிப் பாருங்கள். மூட்டுவலியோ பேரக்குழந்தையோ காரணமாகப் போக முடியவில்லை என்றால், அடுத்த கட்டண பில் வருவதற்கு முன்பே மகனுக்கு மாற்றுங்கள். அவருக்கும் வேண்டாம் என்றால் ஒப்படைத்துவிடுங்கள்.