பதில்: ஆறு சுழிய அணியில் சார்ம்–பாட்டம் கலப்பு இரு மடங்காக வருகிறது

வணக்கம். ஆறு சுழிய அணிகளை வைத்துக் குவார்க்குகளின் (புரோட்டான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்கள்) கலப்பைக் கணித்தபோது சார்ம்–பாட்டம் கலப்பு அளந்த மதிப்பைப் போல இரு மடங்காக வருவதாகவும், நிரலில் பிழை தேடி இரண்டு வாரம் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிரலை விட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. நீங்கள் எடுத்த இரு நிறை அணிகள் (மேல் வகை, கீழ் வகைக் குவார்க்குகளுக்கு ஒவ்வொன்று; சமச்சீர் இணையை ஒன்றாக எண்ணினால் இரண்டிலும் சேர்த்து ஆறு சுழியங்கள்) 1978-இல் இயற்பியலாளர் ஹரால்ட் ஃப்ரிட்ஷ் முன்வைத்த வடிவம். அதன் அழகே கபிபோ கோணத்தில்தான் (முதல் இரு தலைமுறைக் குவார்க்குகளின் கலப்பைச் சொல்லும் கோணம்): டவுன், ஸ்ட்ரேஞ்ச் நிறைகளின் விகிதம் ஏறத்தாழ 1/20. அதன் வர்க்கமூலம் 0.22. அளந்த மதிப்பும் அதுவே. இதைப் பார்த்து மயங்காதவர் குறைவு.

சிக்கல் அடுத்த தலைமுறையில். ஸ்ட்ரேஞ்ச்–பாட்டம் விகிதத்தின் வர்க்கமூலம் சுமார் 0.14, சார்ம்–டாப் விகிதத்துக்கு 0.06. இவ்விரண்டும் சேர்ந்ததே சார்ம்–பாட்டம் கலப்பு; இரண்டுக்கும் இடையிலான கட்டக் கோணத்தை (phase) எப்படித் திருப்பினாலும் அது இவற்றின் வித்தியாசமான 0.08-க்குக் கீழே இறங்காது. அளவீட்டோடு பொருந்தத் தேவையோ 0.04. டாப் இலேசாக இருந்திருந்தால் இரண்டாம் எண் பெரிதாகி, கழித்தல் சரியாக அமைந்திருக்கும். 1995-இல் ஃபெர்மி ஆய்வகத்தில் பிடிபட்ட டாப் சுமார் 173 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையோடு வந்து அந்த வழியை அடைத்துவிட்டது.

இரு அணிகளிலும் இரண்டாம் வரிசை, இரண்டாம் நெடுவரிசையில் உள்ள சுழியத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நான்கு சுழிய வடிவம் தரவுகளோடு பொருந்தும். குவார்க் நிறைகள் ஆற்றல் அளவைப் பொறுத்து மாறுவதால், எல்லா நிறைகளையும் ஒரே ஆற்றல் அளவில், இசட் போசான் என்ற துகளின் நிறையில் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் அட்டவணையில் ஸ்ட்ரேஞ்ச் மட்டும் 2 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது.

இன்னொன்று: இரு அணிகளையும் ஒரே ஒருமை அணியால் (unitary matrix) சுழற்றினால் சுழியங்கள் மறையும், ஆனால் அளக்கக்கூடிய கலப்புகளைத் தரும் கலப்பு அணி மாறாது. ஆகவே சுழியங்களையே இயற்பியல் என்று எண்ண வேண்டாம்.